மண்ணில் ஒரு தொட்டில்

மரத்தில் கூடு கட்டும் குருவியைப் பற்றி நாம் சிறு வகுப்பிலேயே படித்துவிட்டோம். தூக்கணாங்குருவியின் கைத்திறனைப் புகழாத பாடப் புத்தகம் இல்லை. ஆனால் கூடே கட்டாமல், வெறுந்தரையில் நான்கு கூழாங்கற்களை ஒதுக்கிவிட்டு முட்டையிடும் பறவைகளைப் பற்றி நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? காலடியில் மிதிபடும் இடத்தில் முட்டையை வைத்துவிட்டு ஒரு தாய் எப்படி நிம்மதியாக இருப்பாள்? இக்கேள்வியை எங்கள் அறிவியல் ஆசிரியை ஒன்பதாம் வகுப்பின் இறுதியில் கேட்டார். அதற்கு விடை தேடிச் சென்ற கோடை விடுமுறையில் தோழியர் ஐவர் கணபதியைச் சுற்றியுள்ள பொட்டல் வெளிகளில் கண்டதையும், பின்னர் படித்து அறிந்ததையும் இங்கே எழுதுகிறோம்.

முதலில் நம் மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலை மழையை மறைத்துக் கொள்வதால் கொங்கு நாடு இயல்பாகவே வறண்ட நாடு. கோவைப் பக்கம் ஆண்டுக்கு 600 முதல் 700 மில்லிமீட்டர் மழை பெய்தாலே பெரிது. ஆகவே அடர்ந்த காட்டைவிட மேய்ச்சல் நிலமும், மானாவாரிக் காடும், கல்லும் புல்லும் கலந்த தரிசுமே இங்கு மிகுதி. இத்தகைய நிலத்தில் உயர்ந்த மரங்கள் குறைவு. எனவே தரையையே வீடாகக் கொண்ட பறவைகள் இங்கு பல. ஆட்காட்டி, கௌதாரி, காடை, கல்கௌதாரி, கல்குருவி, வானம்பாடி, பக்கி, ஏன், நமது தேசியப் பறவையாகிய மயில்கூடத் தரையில்தான் முட்டையிடுகிறது. தோகை விரித்தாடும் மயிலுக்கும் மண்தான் தொட்டில்!

இவற்றுள் நாங்கள் அருகிலிருந்து அறிந்துகொண்டது ஆட்காட்டியை. ஊரில் இதை ‘ஆக்காட்டி’ என்பார்கள். கண்ணுக்கு முன்னால் சிவந்த தசை, கறுத்த மார்பு, நீண்ட மஞ்சள் கால்கள். ஆள் வருவதைத் தொலைவிலேயே கண்டு கத்தி ஊரைக் கூட்டிவிடும். மார்ச் முதல் ஆகஸ்டு வரை இதன் இனப்பெருக்கக் காலம். தரையில் உள்ளங்கையளவு குழி பறித்து, அதைச் சுற்றிச் சிறு கற்களை வைத்து, மூன்று அல்லது நான்கு முட்டைகள் இடும். கூரிய முனைகள் நடுவில் சேரும்படி அவற்றை அடுக்கி, தாயும் தந்தையும் மாறி மாறி 28 முதல் 30 நாள் வரை அடைகாக்கும்.

எங்கள் ஆசிரியை விடுமுறைக்கு முன்பே சில விதிகளை எழுதிக் கொடுத்திருந்தார். முப்பது அடிக்குமேல் நெருங்கக் கூடாது. கூட்டை நோக்கி நேராக நடக்கக் கூடாது. வேறு எங்கோ போவதுபோல் கடந்து செல்ல வேண்டும். ஒரே தடத்தில் இரண்டு முறை நடக்கக் கூடாது. கைப்பேசியில் படம் எடுத்து இடத்தைப் பிறருக்குத் தெரிவிக்கக் கூடாது. “மனிதர் எங்கே குனிந்து பார்க்கிறார் என்று காகம் கவனிக்கும், மனிதர் நடந்த வாசனையை நாய் பின்தொடரும்” என்று காரணமும் சொன்னார். ஆகவே மொட்டை மாடியிலிருந்தும், மதிற்சுவருக்கு அப்பாலிருந்தும், காலை ஆறரை மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதி வந்தோம். அந்தக் கோடையில் எங்கள் கண்ணில் பட்டவை மூன்று கூடுகள்.

முதற்கூடு சத்தி சாலைக்குக் கிழக்கே உழுது போட்ட ஒரு காட்டின் ஓரத்தில் இருந்தது. பக்கத்திலேயே பழைய கிளுவை வேலி. நிழலும் மறைவும் உள்ள நல்ல இடம் என்று நாங்கள் மகிழ்ந்தோம். ஒன்பதாம் நாள் காலையில் குழி வெறுமையாயிருந்தது. வேலியின் அடியில் ஒரு பக்கம் கடித்த ஓடு ஒன்று கிடந்தது. முந்திய நாள் மாலையில்தான் கீரிகள் இரண்டு அந்த வேலியோரமாகவே மோப்பம் பிடித்தபடி ஓடக் கண்டிருந்தோம்.

இரண்டாம் கூடு வேடிக்கையான இடத்தில் அமைந்தது. கணபதியில் லேத் பட்டறைகளும் பவுண்டரிகளும் நிறைய உண்டு என்பது எல்லோரும் அறிந்ததே. அத்தகைய பட்டறை ஒன்றின் தட்டைக் கூரையில், ஜல்லி பரவிய மூலையில், மூன்று முட்டைகள். கீரி ஏறாது, நாய் ஏறாது, பாம்புக்கும் வழியில்லை. ஆனால் பட்டறைக்குப் பின்புறம் மீந்த சோற்றைக் கொட்டும் இடம் ஒன்று இருந்தது. மதியந்தோறும் அங்கே காகங்கள் கூடின. உண்டு முடித்தவை கூரையின் விளிம்பிலும் தண்ணீர்த் தொட்டியின் மேலும் அமர்ந்து இளைப்பாறின. ஒரு மதியம் ஆட்காட்டி இணை ஒரு காகத்தை விரட்டிச் சென்ற நேரத்தில் மற்றொரு காகம் இறங்கிவிட்டது. ஐந்து நிமிடங்களில் எல்லாம் முடிந்தது. சோறு கொட்டியவர்கள் யாரும் முட்டைக்குத் தீங்கு நினைத்தவர்கள் அல்லர். ஆனால் சோறு காகத்தை அழைத்தது. காகம் முட்டையைக் கண்டது.

மூன்றாம் கூட்டைப் பற்றிப் பின்னர் சொல்கிறோம். முதலில் இவ்விரண்டும் எங்களுக்குக் கற்பித்த பாடத்தைச் சொல்லிவிடுகிறோம்.

பகைவர் எல்லோரும் ஒரே வழியில் வேட்டையாடுவதில்லை. கீரி பகலில் மோப்பத்தால் தேடும். திறந்த வெளியில் நடக்க அஞ்சி வேலி, வரப்பு, புதர் இவற்றை ஒட்டியே செல்லும். ஆகவே அதன் பாதையில் உள்ள கூடு தப்புவது அரிது. காகம் கண்ணால் தேடும். அதற்கு உட்கார்ந்து பார்க்க ஒரு மரமோ மின்கம்பமோ வேண்டும். முட்டையைப் பார்ப்பதைவிட, முட்டையை விட்டு எழுந்து போகும் தாயைப் பார்ப்பது அதற்கு எளிது. பருந்து மேலிருந்து பார்க்கும். உடும்பும் சாரைப்பாம்பும் தரையில் ஊர்ந்து தேடும். தெருநாய் கூட்டமாக வரும்.

பறவைகளின் தற்காப்பும் ஒரே விதமானதன்று. கௌதாரிக்கு மறைவே காப்பு. புதரின் அடியில் புல்லுக்குள் ஒளிந்து அடைகாக்கும். ஆட்காட்டிக்கோ பார்வையே காப்பு. நாலா பக்கமும் தெரிய வேண்டும். பகைவன் வரும் முன்பே எழுந்துவிட வேண்டும். ஆகவே கௌதாரியைக் காக்கும் அதே வேலி, ஆட்காட்டிக்குக் கண்ணை மறைக்கும் திரையாகவும், கீரிக்குப் பாதையாகவும் ஆகிவிடுகிறது. ‘நல்ல இடம்’ என்று பொதுவாக ஒன்று இல்லை. யாருக்கு நல்லது, எந்தப் பகைவனிடமிருந்து நல்லது என்று கேட்க வேண்டும். நிழலைக் கண்டு மகிழ்ந்த எங்களுக்கு இது புதிய செய்தியாயிருந்தது.

இதை மெய்ப்பிக்கும் ஆய்வொன்றை ஆசிரியை எங்களுக்கு விளக்கினார். ஆப்பிரிக்காவில் சாம்பியா நாட்டில், தரையில் முட்டையிடும் பக்கி, ஆட்காட்டியின் உறவினங்கள், கல்குருவிகள் ஆகியவற்றின் கூடுகளை ஆராய்ந்து 2016-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். பக்கியானது காய்ந்த சருகு போன்ற தன் உடலையே போர்வையாக்கி, மிக அருகில் வரும் வரை அசையாமல் முட்டைமேல் அமர்ந்திருக்கும். எனவே அதன் கூடு தப்புவது தாயின் நிறம் தரையோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. மற்ற இரண்டு வகைகளும் பகைவனைத் தொலைவில் கண்டதும் எழுந்து ஓடிவிடும், முட்டைகள் தனித்துவிடப்படும். ஆகவே அவற்றிற்கு முட்டையின் நிறமே உயிர் காக்கும். அமர்ந்திருக்கும் தாய்க்கு ஒரு வேடம். ஓடும் தாயின் முட்டைக்கு ஒரு வேடம். என்னே இயற்கையின் கணக்கு!

பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால் மலையாளக் கரையிலும் இதற்குச் சான்று உண்டு. அங்குள்ள செம்பூராங்கல் நிலத்தில் மஞ்சள் மூக்கு ஆட்காட்டி செந்நிறச் சாயலுள்ள முட்டைகளையும் இடுவதைப் பறவை அறிஞர்கள் வெகு காலத்திற்கு முன்பே குறித்துள்ளார்கள். மற்ற இடங்களில் அதே பறவையின் முட்டை மண்ணிறத்தில் கரும்புள்ளிகளோடு இருக்கும்.

1973-இல் நோபல் பரிசு பெற்ற மூவருள் ஒருவரான நிகோ டின்பெர்கன் என்ற அறிஞரும் இத்துறையில் எளிய சோதனைகள் செய்தவர். கருந்தலைக் கடற்பறவைகள் குஞ்சு பொரித்ததும் உடைந்த ஓட்டை அலகில் கவ்விச் சென்று தொலைவில் போட்டுவிடுவதைக் கண்டு, ஏன் என்று கேட்டார். முட்டைகளுக்கு அருகில் உடைந்த ஓட்டை வைத்துப் பார்த்தபோது, காகம் முதலியன அவற்றை எளிதில் கண்டுபிடித்துத் தின்றன. ஓட்டின் உட்புற வெண்மை பகைவனுக்கு விளக்கேற்றியது போலாயிற்று! மற்றொரு சோதனையில் முட்டைகளை நெருக்கமாகவும் பரவலாகவும் வைத்தார்கள். நெருக்கமாக இருந்தவையே அதிகம் அழிந்தன. ஒரு முட்டையைக் கண்ட காகம் அதைச் சுற்றியே மேலும் தேடியதுதான் காரணம். ஆட்காட்டிகள் ஏன் ஒன்றுக்கொன்று எட்டக் கூடு வைக்கின்றன என்பது இதைக் கேட்டபின் எங்களுக்கு விளங்கியது.

இத்தனை சூழ்ச்சி இருந்தும் இழப்பு பெரிதுதான். டில்லி மிருகக்காட்சி சாலையில் ஆட்காட்டிகளைக் கவனித்து 1976-இல் எழுதிய குறிப்பின்படி, நூற்றில் நாற்பதுக்கு மேற்பட்ட முட்டைகள் கீரி, காகம், பருந்து இவற்றால் அழிந்தன. ஆகவே இழப்பு இயற்கையிலேயே உள்ளது. கீரியும் காகமும் கொடியவை அல்ல. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு அல்லவா? முட்டையை இழந்த ஆட்காட்டி அதே பருவத்தில் மீண்டும் முட்டையிட முயலும். கவலைக்குரியது, அந்தப் பழைய கணக்கை நாம் மாற்றி எழுதுவதுதான்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஸ்காட்லாந்தில் உள்ளது. அந்நாட்டின் மேற்கேயுள்ள தெற்கு யுயிஸ்ட் என்னும் தீவுக்கு 1974-இல் தோட்டத்துப் பூச்சி புழுக்களைத் தின்பதற்கென்று சில முள்ளெலிகளைக் கொண்டு சென்றார்கள். அவை ஆயிரக்கணக்கில் பெருகி, தரையில் கூடு வைக்கும் கரைப்பறவைகளின் முட்டைகளைத் தின்னத் தொடங்கின. பறவைகள் வெகுவாகக் குறைந்தன. நம் கொங்கு நாட்டிலும் முள்ளெலி உண்டு. ஆனால் அது இம்மண்ணுக்கே உரியது; இங்குள்ள பறவைகளோடு நெடுங்காலம் கூடி வாழ்ந்தது. குற்றம் முள்ளெலியினுடையது அன்று. இடம் மாற்றிய கையினுடையது.

நம் ஊரில் கணக்கு எவ்வாறு மாறுகிறது? காங்கயம், தாராபுரம் பக்கங்களில் ‘கொறங்காடு’ என்று மேய்ச்சல் நிலம் வைத்திருப்பார்கள். சுற்றிலும் கிளுவை உயிர்வேலி, உள்ளே ஆங்காங்கே வெள்வேல மரம், தரையெங்கும் கொழுக்கட்டைப் புல். மாடும் ஆடும் மாறி மாறி மேயும். உழவு படாத அந்நிலத்தில் வேலியோரம் கௌதாரிக்கும், நடுவெளி ஆட்காட்டிக்கும் வானம்பாடிக்கும் இடம் இருக்கும். அத்தகைய நிலங்கள் மனையாகவும் ஆலையாகவும் மாறும்போது, எஞ்சும் துண்டு நிலத்தில் நடுவெளி ஏது? எல்லாமே ஓரம்தான். ஓரமெல்லாம் கீரியின் பாதை. மதிற்சுவரெல்லாம் காகத்தின் இருக்கை. கவனிப்பாரற்ற தரிசுகளிலோ சீமைக் கருவேலம் மண்டி, தொலைவு பார்க்கும் பறவையின் கண்ணை மறைத்துவிடுகிறது. இவற்றோடு நாம் தெருவில் எறியும் உணவு காகத்தையும் நாயையும் வளர்க்கிறது.

பொட்டலில் ஆடு மேய்க்கும் தாத்தா ஒருவரிடம் இதைப் பற்றிக் கேட்டோம். “அந்தக் காலத்துல நரி வருமுங்க அம்முணி. ஒண்ணு வரும், ரெண்டு வரும், போயிரும். இப்ப நாய்தான் நரி. அது போறதே இல்லை. ராப்பகலா இங்கேயேதான் கெடக்குது” என்றார். நாங்கள் பக்கம் பக்கமாகப் படித்ததை அவர் நான்கு சொற்களில் சொல்லிவிட்டார்.

இனி மூன்றாம் கூட்டைப் பற்றிக் கூறுவோம். அது இருந்தது எங்களுள் ஒருத்தியின் தந்தை வீடு கட்டுவதற்காக வாங்கிய மனையில். செம்மண்ணும் சரளையும் கலந்த திறந்த நிலம். வேலியில்லை, மரமில்லை, நாலு திசையும் தெரியும். ஏப்ரல் 22-ஆம் நாள் நான்காவது முட்டையைக் கண்டோம். கொளுத்தும் வெயிலில் தாய்ப்பறவை எங்கோ தேங்கிய நீரில் வயிற்றுச் சிறகை நனைத்து வந்து முட்டைகளைக் குளிர்விப்பதைப் பார்த்தோம். நாய் ஒன்று வந்தபோது ஒரு பறவை தலைக்குமேல் கத்திக் கத்திப் பாய, மற்றொன்று சற்றுத் தள்ளிச் சிறகொடிந்ததுபோல் இழுத்து நடந்து அதை வேறு பக்கம் கூட்டிச் சென்றதையும் கண்டோம்.

ஆனால் அந்த மனையில் கடைக்கால் தோண்ட மே 11-ஆம் நாள் குறிக்கப்பட்டிருந்தது. கொத்தனாருக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. வங்கிக் கடனும் கைக்கு வந்துவிட்டது. வாடகை வீட்டில் பல ஆண்டுகள் இருந்துவிட்டுச் சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிய இடம். ஒரு குருவிக்காக நிறுத்துங்கள் என்று அவரிடம் எப்படிக் கேட்பது? அவர் மகளே தயங்கினாள். கடைசியில் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு ஐவரும் போனோம்.

“எத்தனை நாள் ஆகும்?” என்று கேட்டார்.

“மே 20 முதல் 22-க்குள் பொரித்துவிடும் அப்பா” என்று தேதிவாரியாக எழுதியதைக் காட்டினாள்.

“பதினோரு நாள். கடன் வாங்கினவனுக்குப் பதினோரு நாள்னா பதினோரு நாள் வட்டி, கண்ணு” என்றார். நாங்கள் பேசவில்லை. அவர் சொன்னதும் உண்மைதானே! சற்று நேரம் குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தவர், “வேலையை நிறுத்த முடியாது. கிணத்துப் பக்கமிருந்து ஆரம்பிக்கச் சொல்றேன். அந்த மூலையைக் கடைசியா வெச்சுக்கலாம். ஜல்லியைத் தெருப் பக்கம் கொட்டச் சொல்றேன். அதுக்கு மேல என்னால ஆகாதும்மா” என்றார்.

அதற்கு மேல் நாங்களும் கேட்கவில்லை. ஆனால் பட்டறைக் கூரையில் கண்டதை மறக்காமல், ஆட்களின் மீந்த சோற்றைப் போட மூடியுள்ள தகர டின் ஒன்று வைக்க வேண்டும் என்று மட்டும் கேட்டோம். சிரித்துக்கொண்டே சம்மதித்தார். ஆட்கள் நடமாடியதால் நாய்கள் அந்தப் பக்கம் குறைவாகவே வந்தன. மே 21-ஆம் நாள் காலை மூன்று குஞ்சுகள் பொரித்திருந்தன. ஒரு முட்டை பொரிக்கவில்லை. குழியருகே ஓட்டுத் துண்டு ஒன்றுகூட இல்லை. மாலைக்குள் குஞ்சுகள் நடக்கத் தொடங்கிவிட்டன. தாய் குரல் கொடுத்தால் அப்படியே கல்லாய் உறைந்து போகும். எது கல், எது குஞ்சு என்று எங்களுக்கே தெரியாது. மறுநாள் ஒன்றைப் பருந்து கொண்டு போயிற்று. மீதி இரண்டும் பெற்றோருடன் பள்ளத்துப் பக்கம் போய்ச் சேர்ந்தன.

நான்கு முட்டைக்கு இரண்டு குஞ்சுகள். இது வெற்றியா, தோல்வியா என்று ஆசிரியையிடம் கேட்டோம். “இரண்டு பறவைகள் இரண்டு பறவைகளை விட்டுச் சென்றால் கணக்கு நேராகிறது. ஆனால் அந்த இரண்டுக்கும் அடுத்த கோடையில் இடம் வேண்டுமே!” என்றார். அந்த மனையில் இப்போது வீடு எழுந்துவிட்டது. எங்கள் தோழி அதில் மகிழ்ச்சியாக வாழ்கிறாள். அதில் எங்களுக்கும் மகிழ்ச்சியே. ஆயினும் ஒவ்வொரு வீட்டுக்கும் அடியில் ஒரு வெளி இருந்தது என்பதை இப்போது நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அன்புத் தோழியரே, பெரிய காரியங்கள் நம் கையில் இல்லை. ஆனால் சிறியவை உண்டு. உணவை மூடிய தொட்டியில் போடலாம். கூட்டைக் கண்டால் எட்ட நின்று கண்டு, கடந்து போகலாம். வீட்டுப் பூனையைக் கோடைக் காலத்திலாவது காட்டுப் பக்கம் விடாதிருக்கலாம். தோட்டம் வைத்திருக்கும் பெற்றோரிடம், முட்டை உள்ள இடத்தை மட்டும் விட்டு உழும்படி சொல்லலாம். மண்வெட்டி பிடிக்கும் கைகள் பலவும் இரக்கமுள்ளவைதாம், கேட்பார்தான் இல்லை. பள்ளி மைதானத்தின் ஒரு மூலையை மார்ச் முதல் ஆகஸ்டு வரை சும்மா விட்டுவைக்கலாம் என்று எங்கள் தலைமைச் சகோதரியிடம் விண்ணப்பித்திருக்கிறோம்.

ஆளைக் காட்டிக் கொடுப்பதால் அந்தப் பறவைக்கு ஆட்காட்டி என்று பெயர் வந்தது. அது கத்தும்போதெல்லாம் நம்மைப் பார்த்துத்தான் கத்துகிறது. வருகிறவர் யார் என்று அதற்குத் தெரியாது, நமக்குத் தெரியும்.